குண்டினமார்க்காவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: உயரத்தைக் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்கு வந்த மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், தெர்மல் பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு என்று போர்த்திக்கொண்டு ஹிரார்டோட் என்ற ஊருக்கு பஸ் ஏறினேன். கிளம்பும்போது 9 டிகிரி. மதியம் இறங்கியபோது 34 டிகிரி. பஸ் நிலையத்தில் எலுமிச்சை ஜூஸ் விற்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொகோட்டாவா?" என்று மட்டும் கேட்டார். வரைபடத்தில் பார்த்தால் 130 கிலோமீட்டர் சொச்சம், ஈரோட்டிலிருந்து திருச்சி போகிற தூரம். அந்தத் தூரத்துக்கு யாராவது வேறு துணி எடுத்துப் போவார்களா என்ன?

போக வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஈரோட்டுப் பக்கம் வெல்லத்துக்குப் பேர்போன கவுந்தப்பாடிக்காரி. மென்பொருள் வேலைக்காக கொலம்பியா வந்து நாலு வருடம் ஆகிறது. கார் கிடையாது. சனி ஞாயிறுகளில் பஸ்ஸிலேயே பொகோட்டாவைச் சுற்றியுள்ள குண்டினமார்க்கா மாகாணத்தில் முப்பது நாற்பது ஊர் பார்த்திருப்பேன். வேலைக்கோ படிப்புக்கோ பொகோட்டா வருகிற நம் ஊர்க்காரர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மால்களிலேயே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காக.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குண்டினமார்க்காவின் தலைநகர் பொகோட்டா. ஆனால் பொகோட்டா குண்டினமார்க்காவில் இல்லை. பஞ்சாபுக்கு சண்டிகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991 அரசியல் சாசனப்படி நகரம் தனித் தலைநகர் மாவட்டம். மாகாணத்தின் ஆளுநர் அலுவலகம் நகரத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் நகரவாசிகளுக்கு அந்த ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இல்லை. நகரைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மாகாணத்தில் 116 நகராட்சிகள், அவற்றை 15 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நகரத்துக்கு வரும் தண்ணீர், உருளைக்கிழங்கு, பால், வெல்லம் எல்லாவற்றிலும் பெரும்பங்கு இங்கிருந்துதான்.

உயரக் கணக்கு

பூமத்திய ரேகைக்கு நாலரை டிகிரி வடக்கே இருக்கும் இடம் இது. வருடம் பூராவும் ஆறு மணி சுமாருக்கு விடியும், ஆறு மணி சுமாருக்கு இருட்டும். கோடைக்காலம், குளிர்காலம் என்று நாம் சொல்கிற அர்த்தத்தில் ஒன்றும் கிடையாது. மழை பெய்யும் மாதங்களை இவர்கள் 'இன்வியேர்னோ', அதாவது குளிர்காலம் என்பார்கள். பெய்யாத மாதங்கள் 'வெரானோ'. ஏப்ரல், மே ஒரு மழைக்காலம். அக்டோபர், நவம்பர் இன்னொன்று. மற்றபடி தட்பவெப்பத்தை முடிவு செய்வது மாதம் அல்ல, உயரம்.

பொகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்: தொட்டபெட்டா உயரத்தில், மேசை மாதிரி தட்டையான ஒரு சமவெளி, அதன்மேல் 80 லட்சம் பேருக்கு ஒரு நகரம். இந்தச் சமவெளிக்குப் பெயர் சபானா. ஒரு காலத்தில் பெரிய ஏரி. தண்ணீர் வடிந்தபின் அடியில் தங்கிய வண்டல்தான் இன்றைய தரை.

கணக்கு எளிது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், இறங்கினால் 6 டிகிரி கூடும். பொகோட்டாவின் சராசரி 14 டிகிரி. வியேட்டா என்ற ஊர் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,800 மீட்டர் இறங்குகிறீர்கள், 11 டிகிரி கூட்டினால் 25. ஹிரார்டோட் மக்தலேனா ஆற்றங்கரையில், 290 மீட்டரில்; சராசரி 28, மதிய வெயில் அதற்கும் மேலே. எதிர்ப்பக்கம் 3,500 மீட்டர் மலைவெளிக்கு ஏறினால் 8 அல்லது 9 டிகிரி, காற்று தனி. நான் செல்பேசியில் வானிலை பார்ப்பதை விட்டுவிட்டேன். ஊர்ப் பெயரைப் போட்டு உயரம் மட்டும் பார்ப்பேன், மிச்சத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொள்வேன்.

இந்த ஊர்க்காரர்கள் நாட்டை மாடிவீடு மாதிரி அடுக்கு அடுக்காகப் பார்க்கிறார்கள். 1,000 மீட்டர் வரை சூட்டு நிலம், 2,000 வரை மிதமான நிலம், 3,000 வரை குளிர் நிலம், அதற்கு மேலே பாரமோ. வெயில் காய்வதற்காகவே சூட்டு நிலத்துக்கு இறங்குவதை வயதானவர்கள் 'தெம்பெரார்' என்ற ஒரே வினைச்சொல்லில் சொல்வார்கள். "ஞாயிற்றுக்கிழமை தெம்பெரார் போனோம்." அவ்வளவுதான்.

புதிதாக வந்திருந்தால் முதல் இரண்டு நாள் எங்கும் போகாதீர்கள். தலைவலிக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். பருப்பு வேகவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். இங்கே தண்ணீர் 92 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது. இட்லி மாவு புளிக்க 14 டிகிரி போதாது. நான் அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் போட்டு, அதில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போவேன். திரும்பி வரும்போது பொங்கியிருக்கும்.

பஸ்

எந்தத் திசைக்குப் போகிறீர்களோ அந்தத் திசையில் நகர எல்லைக்குப் போய் ஏறுவது லாபம். வடக்கே சிபாகிரா, குவாடவிடா, சியா போக பொர்தால் தெல் நோர்த்தே. இது ட்ரான்ஸ்மிலேனியோ நகரப் பேருந்துத் தடத்தின் வடக்கு முனையம். அங்கே இறங்கினால் பக்கத்திலேயே வெளியூர் வண்டிகள் நிற்கும். மேற்கே வியேட்டா, லா வேகா போக பொர்தால் 80. தூர ஊர்களுக்கு சலித்ரேயில் உள்ள மத்திய பேருந்து நிலையம்.

சிறு வண்டிகளுக்கு முன்பதிவு தேவையில்லை. கண்ணாடியில் ஊர்ப் பெயர்ப் பலகை இருக்கும், உதவியாளர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டே இருப்பார். நம் ஊர் மினிபஸ்தான், பாட்டுச் சத்தம் உட்பட. சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கே கை காட்டினாலும் நிறுத்துவார்கள், எங்கே கேட்டாலும் இறக்கிவிடுவார்கள். "அகீ, போர் ஃபவோர்" என்றால் 'இங்கேதாங்க, தயவுசெய்து'. இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். நான் கூச்சப்பட்டு மெதுவாகச் சொல்லி இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்திருக்கிறேன்.

கிளம்புவது காலை ஆறு மணிக்கு. ஏழாகிவிட்டால் நகரத்தை விட்டு வெளியே வருவதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். இன்னொரு காரணம், மலைப் பக்கம் பெரும்பாலான நாட்களில் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் மழை பிடிக்கும்.

மேற்கே போகும் வண்டியில் சன்னல் பக்கம் உட்காருங்கள். ஃபுன்சா, மாட்ரிட் (ஆமாம், இங்கேயும் ஒரு மாட்ரிட் உண்டு) வழியாகப் போனால் இருபுறமும் வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்களாகத் தெரியும். அவ்வளவும் பூ. வெட்டுப்பூ ஏற்றுமதியில் நெதர்லாந்துக்கு அடுத்த இடம் கொலம்பியாவுக்கு. அதில் பெரும்பகுதி இந்த சபானாவில் விளைகிறது. ஜனவரிக் கடைசியில் அதிகாலை பஸ்களில் உட்கார இடம் கிடைக்காது. காதலர் தினத்துக்கு அமெரிக்கா போக வேண்டிய ரோஜாவை வெட்ட, கட்ட, பெட்டியில் அடுக்கப் போகிற பெண்கள். ரப்பர் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே போவார்கள்.

ஊருக்குள் இறங்கியதும் நேரே சந்தைக்குப் போங்கள். சந்தைக் கடையைப் பார்த்தே உயரம் சொல்லிவிடலாம். உருளைக்கிழங்கில் ஐந்தாறு ரகம், அகன்ற பச்சை அவரை, கூபியோ, இபியா என்ற கோணல்மாணல் கிழங்குகள் குவிந்திருந்தால் நீங்கள் குளிர் நிலத்தில் இருக்கிறீர்கள். மரத்தக்காளி, லூலோ, ஆரஞ்சு, காப்பிக்கொட்டை என்றால் நடு மாடி. மாங்காய், வாழைத்தார், மரவள்ளி, வாழையிலைக் கட்டு என்றால் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம். வாழையிலை வாங்க மறக்காதீர்கள். இங்கே அதில் தமால் என்ற மாவுப் பண்டத்தை மடிப்பார்கள். நாம் அதில் சோறு போட்டுச் சாப்பிடுவோம் என்றால் நம்ப மாட்டார்கள்.

வெல்லம் காய்ச்சும் ஊர்

எனக்குப் பிடித்தது வியேட்டா பக்கம். ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், காரணம் வெல்லம். உலகத்தில் வெல்லம் காய்ச்சுவதில் இந்தியாவுக்கு அடுத்தது கொலம்பியா. இங்கே அதற்குப் பெயர் பனேலா. கரும்பாலைக்குப் பெயர் த்ரபிச்சே. வியேட்டா, ஊத்திகா, கெப்ராதநெக்ரா எல்லாம் சேர்ந்த குவாலிவா வட்டாரம்தான் குண்டினமார்க்காவின் கவுந்தப்பாடி.

எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அம்மா அந்தப் பக்கத்துக்காரர். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டுச் சர்க்கரையை ஒரு நாள் அவருக்குக் கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்க அண்ணன் ஆலையில வர்றது" என்றார். அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

இருட்டோடு போய்ச் சேர்ந்தோம். மலைச்சரிவில் தகரக் கொட்டகை, உயரமான புகைக்கூண்டு. கோவேறு கழுதைகள் கரும்புக் கட்டை முதுகின் இரு பக்கமும் சுமந்து இறங்கி வருகின்றன. இந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. ஆட்டும் இயந்திரம் டீசலில் ஓடுகிறது. சாறு ஒரு தொட்டிக்குப் போய்த் தெளிந்து, அங்கிருந்து வரிசையாக இருக்கும் கொப்பரைகளுக்கு வருகிறது. நம் ஊரில் ஒரே பெரிய கொப்பரை. இங்கே ஒரே நீண்ட அடுப்பின்மேல் அஞ்சாறு கொப்பரை. சாறு முதலாவதில் சூடேறி, நீண்ட பிடி போட்ட கரண்டியால் அடுத்ததற்கு மாறி மாறி, கடைசிக் கொப்பரையில் பாகாகிறது. அடுப்புக்குப் போடுவது நம்மைப் போலவே காய்ந்த கரும்புச் சக்கை.

அழுக்கெடுக்கும் இடத்தில்தான் எனக்குச் சிலிர்த்துப்போனது. ஒரு மரப்பட்டையை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, கொழகொழவென்று வரும் அந்தச் சாற்றைக் கொதிக்கும் கரும்புச்சாற்றில் ஊற்றினார்கள். அழுக்கெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வந்தது. எங்கள் அப்பாரு இதையே வெண்டைத்தண்டை நசுக்கிச் செய்வார். வாரி எடுத்த நுரையைக் கழுதைகளுக்கு வைத்தார்கள். பதம் பார்க்கிற பெரியவர் விரலை முதலில் குளிர்ந்த தண்ணீரிலும், பிறகு பாகிலும், மறுபடி தண்ணீரிலும் விட்டு உருட்டிப் பார்த்தார். நான் அதையே செய்து காட்டியதும் கொட்டகையே சிரித்தது. விரலில் ஒரு கொப்புளம் வந்தது வேறு கதை; பழக்கம் விட்டுப்போச்சு.

பதம் வந்த பாகை மரத்தொட்டியில் ஊற்றித் துடுப்பால் கிளறி, சதுரச் சட்டங்களில் வார்த்து ஆறவைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் செங்கல் மாதிரி கட்டிகள்.

நீங்களும் பார்க்க வேண்டுமானால் ஆலை எல்லா நாளும் ஆடாது என்பதை நினைவில் வையுங்கள். கரும்பு வெட்டிச் சேர்ந்த நாட்களில்தான். ஊர்ச் சந்தையில் பனேலா விற்பவரிடம் இன்று யார் ஆலை ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். அதைவிடச் சுலபம், சரிவைப் பார்ப்பது: புகைக்கூண்டில் புகை வந்தால் ஆடுகிறது. போய் வணக்கம் சொல்லி அனுமதி கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள், ஒரு டம்ளர் கரும்புச்சாறும் கொடுப்பார்கள். அடுப்படியில் செருப்புக் காலோடு நிற்காதீர்கள், மூடிய ஷூ போடுங்கள். வரும்போது இரண்டு கட்டியாவது வாங்குவது மரியாதை.

வாங்கும்போது கறுத்த கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். எலுமிச்சை நிறத்தில் பளபளவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊரில் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெல்லத்தை வெளுக்கும் அதே வேலை இங்கேயும் உண்டு. சட்டப்படி தடை இருக்கிறது, இருந்தும் செய்பவர்கள் செய்கிறார்கள். பார்வைக்கு மஞ்சளாக இருந்தால்தான் விற்கும் என்கிற நினைப்பு இரண்டு கண்டத்திலும் ஒன்றுதான்.

வடக்கே: உப்பும் ஏரியும்

எல்லோரும் முதலில் போவது சிபாகிராவின் உப்புத் தேவாலயத்துக்கு. போங்கள், நன்றாகத்தான் இருக்கும். உப்புச் சுரங்கத்துக்குள் 180 மீட்டர் ஆழத்தில் குடைந்த தேவாலயம். 1954இல் திறந்த பழையது பாதுகாப்பில்லை என்று 1992இல் மூடப்பட்டது. இப்போதிருப்பது 1995இல் திறந்தது. சுவரை ஒருவரும் பார்க்காதபோது நக்கிப் பார்த்தேன், உப்புதான். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்கே வாழ்ந்த முயிஸ்கா மக்கள் உப்புநீரை மண்பானைகளில் காய்ச்சிக் கட்டியாக்கி, தாழ்நிலத்துக்காரர்களிடம் பருத்திக்கும் பொன்னுக்கும் மாற்றினார்கள். மேல்மாடிச் சரக்கு கீழ்மாடிக்கும், கீழ்மாடிச் சரக்கு மேல்மாடிக்கும் போவது அப்போதே தொடங்கிவிட்டது.

தேவாலயத்தோடு திரும்பிவிடாமல் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பள்ளிப்படிப்பை முடித்தது இந்த ஊரில்தான். கரீபியன் கடற்கரையின் வெயிலில் வளர்ந்த பையன் இந்தக் குளிரில் விடுதியில் என்ன பாடுபட்டிருப்பான் என்று அங்கே உட்கார்ந்தால் தெரியும். 2019இல் டூர் த பிரான்ஸ் சைக்கிள் போட்டியை வென்ற முதல் கொலம்பியர் ஏகன் பெர்னால் வளர்ந்ததும் இங்கேதான். வழியெல்லாம் ஞாயிறு காலையில் சைக்கிள்காரர்கள்தான்.

குவாடவிடா ஏரிக்கு திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். திங்கள் விடுமுறை நாளாக இருந்தால் மறுநாளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொரு குழப்பம்: ஏரியின் பெயர் குவாடவிடா, ஆனால் அது இருப்பது பக்கத்து நகராட்சியான செஸ்கிலேயில். வண்டியில் ஏறும்போதே குவாடவிடா ஊருக்கா, ஏரிக்கா என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, ஊரில் இறங்கி, ஏரி எங்கே என்று கேட்டு அசடு வழிந்தேன்.

வட்டமான பச்சை ஏரி, 3,000 மீட்டர் உயரத்தில். முயிஸ்கா தலைவன் பதவியேற்கும்போது உடம்பெல்லாம் பொன்துகள் பூசித் தெப்பத்தில் நடுவே போய், பொன்னையும் மரகதத்தையும் தண்ணீரில் இடுவான் என்ற கதைதான் எல் டொராடோ. 1580களில் ஒரு ஸ்பானிய வணிகர் கரையை வெட்டித் தண்ணீரை வடிக்கப் பார்த்தார். அந்த வெட்டு இன்றும் மலை விளிம்பில் பல் விழுந்த இடம் மாதிரி தெரியும். அந்தத் தெப்பக் காட்சியைக் காட்டும் சின்னப் பொன் சிற்பம் கிடைத்தது இந்த ஏரியில் இல்லை; 1969இல் தெற்கே பாஸ்கா என்ற ஊரின் குகையில். இப்போது பொகோட்டா தங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு ஏரிக்கு வந்தால் மனசுக்குள் படம் ஓடும்.

குவாடவிடா ஊர் வெள்ளையடித்துப் பளிச்சென்று ஒரே மாதிரி இருக்கும். அழகு என்பார்கள். எனக்கு என்னவோ ஒட்டவில்லை. பழைய ஊர் 1960களில் தோமினே அணைத் தண்ணீருக்கடியில் போய்விட்டது. இது மாற்றாகக் கட்டிக்கொடுத்த ஊர். பவானிசாகர் அணைக்கடியில் போன டணாய்க்கன் கோட்டையைப் பற்றிச் சிறு வயதில் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த வெள்ளைச் சுவர்களைப் பார்த்தால் அந்த நினைப்புதான் வருகிறது.

பாரமோ

3,000 மீட்டருக்கு மேலே மரங்கள் நின்றுபோய்ப் புல்லும் ஈரமும் மூடுபனியுமாக ஒரு வெளி தொடங்கும். அங்கே ஃப்ரைலெஹோன் என்ற செடி, ஆள் உயரத்துக்கு, கம்பளிப் போர்வை போர்த்தியவர்கள் கூட்டமாக நிற்பது போல நிற்கும். இலையைத் தடவினால் ஆட்டுக்குட்டிக் காது மாதிரி இருக்குமாம். தடவாதீர்கள். வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் உயரச் செடிக்கு உங்களைவிட வயது அதிகம்.

பனியிலிருந்து ஈரத்தை இலையில் பிடித்து மண்ணுக்கு இறக்கும் செடி இது. மண்ணோ பஞ்சு மாதிரி. பொகோட்டா குடிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 70 சதவீதம் சிங்காசா பாரமோவின் அணைகளிலிருந்து வருகிறது. 2024 ஏப்ரல் 11 அன்று அந்த அணைகள் வற்றி நகரத்தில் தண்ணீர் முறை வைத்தார்கள். ஊரை ஒன்பது மண்டலமாகப் பிரித்து, முறை வந்தால் 24 மணி நேரம் குழாயில் காற்றுதான். ஒரு வருடம் நீடித்தது. எங்கள் அடுக்குமாடியில் யாரிடமும் வாளிகூட இல்லை. என்னிடம் மூன்று குடம் இருந்தது. அந்த வருடம்தான் நான் மாடிப்படியில் எல்லோருக்கும் அறிமுகமானேன்.

சிங்காசா தேசியப் பூங்காவுக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு; முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பேருந்தும் உள்ளே போகாது, குழுவோடு சேர்ந்து வண்டி பேசிக்கொள்வது நல்லது. ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், மலையேறும் விலையுயர்ந்த ஷூ அந்தச் சேற்றில் ஒரு மணி நேரம் தாங்காது. ஊர்க்காரர்கள் யாரும் அதைப் போடுவதில்லை, கவனித்துப் பாருங்கள். உள்ளூர்க் கம்பளிப் போர்வையான ருவானா நடுவில் தலை நுழைக்க வெட்டு வைத்தது. குளிருக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சன்ஸ்க்ரீனும் தேவை. குளிர்கிறதே என்று ஏமாந்தால் சாயங்காலம் மூக்கு உரியும்.

ஆற்றோடு இறங்குவது

இது எல்லோருக்கும் பிடிக்காது, ஆனால் மாகாணம் புரிய வேண்டுமானால் இதைவிட நல்ல வழி இல்லை. பொகோட்டா ஆறு வடகிழக்கே வியாபின்சோன் ஊரின் பாரமோவில் 3,300 மீட்டரில் பிறந்து, சுமார் 380 கிலோமீட்டர் ஓடி ஹிரார்டோட்டில் மக்தலேனாவில் சேர்கிறது. ஊற்றில் கையால் அள்ளிக் குடிக்கலாம் போலிருக்கும். சில கிலோமீட்டரிலேயே தோல் பதனிடும் பட்டறைகள். அப்புறம் சபானாவின் கழிவு, அப்புறம் நகரத்தின் சாக்கடை. 2014இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது; வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஈரோட்டின் காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வாசனை பழக்கம்தான், ஆனாலும் தெகெந்தாமா அருவி பார்க்கப் போகும்போது மழைக்காலமாகப் பார்த்துப் போங்கள். தண்ணீர் நிறைய விழும், நாற்றம் குறையும்.

சபானாவின் விளிம்பில் ஆறு 130 மீட்டருக்கு மேல் விழுகிற இடம் அது. போசிக்கா என்ற பெரியவர் கைக்கோலால் பாறையைத் தட்டி, சமவெளியை மூழ்கடித்த வெள்ளத்தை இந்த வழியாக வடித்தார் என்பது முயிஸ்கா கதை. ஏரி வடிந்தது பற்றி மண்ணியலாளர்கள் சொல்வதும் இந்தக் கதையும் எங்கோ கை கோத்துக்கொள்கின்றன. அருவிக்குக் கீழே அரை மணி நேரம் இறங்கினால் காற்றே மாறிவிடும். சன்னலைத் திறப்பார்கள், ஸ்வெட்டர் கழலும், வாழை தெரியும்.

பேச்சும் சோறும்

ஸ்பானிஷில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ஆனால் இங்கே கிராமத்தில் 'சுமெர்சே' என்று ஒரு மூன்றாவது சொல் இருக்கிறது. 'தங்கள்' என்பதில் பாசம் கலந்தால் எப்படியோ அப்படி. கொங்கில் பெரியவர்கள் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்பார்களே, அதே குணம். யாராவது உங்களை சுமெர்சே என்றால் அந்தக் கடையில் உட்கார்ந்து காப்பி குடியுங்கள். பால் இல்லாத காப்பிக்குத் 'தின்தோ' என்று பெயர்.

வழி கேட்டால் "அய் நோ மாஸ்" என்பார்கள். 'இதோ இங்கதான்' என்று அர்த்தம். நம்பாதீர்கள். நம் ஊரில் "கூப்பிடு தூரம்" என்பதைவிட மோசம். நான் ஒரு முறை ஒன்றே கால் மணி நேரம் நடந்தேன். நடந்தா, வண்டியிலா என்று கேட்டு, எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள்.

குளிர் ஊரில் அஹியாக்கோ சாப்பிடுங்கள்: மூன்று ரக உருளைக்கிழங்கு, கோழி, மக்காச்சோளம், குவாஸ்காஸ் என்ற கீரை. ஒரு ரகக் கிழங்கு முழுதும் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், இன்னொன்று பாதி, மூன்றாவது துண்டாக நிற்கும். குவாஸ்காஸ் இல்லாவிட்டால் அது அஹியாக்கோ இல்லை, உருளைக்கிழங்கு சூப். மாலையில் அகுவாபனேலா, அதாவது சூடான வெல்லத்தண்ணீர். அதில் வெள்ளைப் பாலாடைக்கட்டியைப் போட்டு, இழை இழையாக உருகியதும் கரண்டியால் எடுத்துத் தின்ன வேண்டும். சாங்குவா என்று காலையில் பாலில் முட்டை உடைத்து ஊற்றி, கொத்தமல்லி தூவி ஒரு சூப் தருவார்கள். நாலு வருடமாக முயற்சி செய்கிறேன், முடியவில்லை.

திரும்பி வருவது

இந்த நாட்டில் வருடத்துக்கு 18 அரசு விடுமுறை. 1983 சட்டப்படி அவற்றில் பலதையும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். மூன்று நாள் தொடர் விடுமுறைக்கு 'புவெந்தே', பாலம் என்று பெயர். புவெந்தே திங்கட்கிழமை மாலை ஊருக்குள் திரும்புவது போன்ற தண்டனை வேறில்லை. பொங்கல் முடிந்து சென்னை திரும்புகிற கூட்டத்தை மலைப்பாதையில் வைத்து நினைத்துப் பாருங்கள். அந்த வாரங்களில் நான் வீட்டில் துணி துவைப்பேன். போயே ஆக வேண்டுமானால் திங்கள் காலை பத்துக்குள் திரும்பும் வண்டி ஏறிவிடுங்கள்.

மற்ற ஞாயிறுகளில் மதியம் இரண்டு மணி. போய் இறங்கியதுமே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடமே கேட்டுவிடுங்கள். கடைக்காரர் சொல்வது கடைக்காரர் கணக்கு. மழைக்காலத்தில் கிழக்குப் பக்கம், யானோஸ் சமவெளிக்கு இறங்கும் சாலையில் மண்சரிவு சகஜம். 2019இல் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கிளம்பும் முன் செல்பேசியில் #767 அழைத்தால் நெடுஞ்சாலைப் போலீசார் வழி திறந்திருக்கிறதா என்று சொல்வார்கள்.

பையைக் கட்டும்போது ஒன்று. சூட்டு நிலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பொகோட்டா வருவதற்குள் பலூன் மாதிரி உப்பியிருக்கும். அடியில் வைக்காதீர்கள், வெடிக்கும். ஷாம்பு புட்டி மூடியை மேலே வந்ததும் மெதுவாகத் திறங்கள், பீய்ச்சி அடிக்கும். காலி தண்ணீர் புட்டியை இங்கே இறுக மூடி எடுத்துப் போனால் வியேட்டாவில் தானாகவே நசுங்கியிருக்கும். கீழ்வீட்டு அம்மா என் பையைப் பார்க்காமலே, கையில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்து எந்த ஊருக்குப் போய் வந்தேன் என்று சொல்லிவிடுவார். அப்புறம் கேட்பது ஒன்றுதான்: "பனேலா எங்கே?"